டொரான்டோவுக்குக் கம்பெனிகள் ஏன் போகின்றன என்று எழுதிய மகனுக்கு

சவரி,

போன மாதம் நம் பெங்களூர்ச் சூளை வாசகசாலைப் பத்திரிகையில் உன் கட்டுரை வந்தது. கனடா தேசத்து டொரான்டோ நகரத்தைத் தேடி எஞ்சினியரிங் கம்பெனிகள் ஏன் வந்து குவிகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த இளைஞர்கள் வாசகசாலையில் அதை உரக்கப் படித்தார்கள்; படித்து முடித்ததும் கை தட்டினார்கள். நான் மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, உங்க மவன் சூளைப் பேரை சீமைக்கு அந்தாண்ட கொண்டுபோய் நிறுத்திட்டாரு" என்றார்கள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தனியாக நான் உனக்கு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் "யோசிக்கிறேன் நைனா" என்றுதான் பதில் போட்டாய். ஊருக்கு ஒரு கட்டுரை, பெற்றவனுக்கு ஒரு வரி. ஆகையால் நானும் ஊரறிய, அதே பத்திரிகையிலேயே எழுதுகிறேன். அச்சகத்தில் போய், ஓர் எழுத்தைக்கூடக் குறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். படித்துவிட்டு யார் என்ன சொல்வார்கள் என்பது எனக்குப் பொருட்டல்ல.

கட்டுரை மட்டும் வந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அதே தபாலில் உன் மனைவி லூர்துவுக்கும் எழுதியிருந்தாய். அவளையும், நீ இன்னும் கண்ணால் பார்த்திராத உன் மகளையும் கப்பலேற்றச் சொல்லியிருக்கிறாய். தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் வித்தையைப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவன், படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு கம்பெனியின் வரைபட அறையில் உட்கார்ந்துவிட்டாய். இப்போது குடும்பத்தையும் அங்கே இழுக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது, சவரி. இந்தச் சொல்லை உன்னிடம் நான் வாயால் சொன்னதில்லை. நம் லேத் பட்டறையில் தலைக்கு மேலே பெல்ட் அறுந்து பாம்பு போலச் சுழன்ற நாளில்கூட, "தள்ளி நில்லுடா" என்று அதட்டினேனே தவிர, பயம் என்று சொல்லவில்லை. எழுத்தில் சொல்வது கொஞ்சம் எளிதாக இருக்கிறது.

நீ எழுதிய காரணங்களில் எனக்குப் புதியது ஒன்றுமில்லை. பெரிய அருவியிலிருந்து மலிவாக மின்சாரம் வருகிறது என்று தொடங்குகிறாய். கோலார் தங்கவயலில் ஃபிட்டருக்கு எடுபிடியாக இருந்தபோது, சிவசமுத்திரத்து அருவியிலிருந்து கம்பி வழியாகக் கரண்டு வந்ததைப் பார்த்தவன் நான். அதுவரை நீராவி எஞ்சின்களுக்கு விறகு ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். "காவேரியில விழற தண்ணி இங்க வந்து சக்கரத்தைச் சுத்துமாம். அப்போ என் மாமியார் ஆம்பூர்ல இருந்துக்கிட்டே எனக்கு இங்க சோறு போடுவாளா?" என்றான் ஒருவன். சக்கரம் சுற்றியது. விறகு வண்டிகள் ஒவ்வொன்றாக வராமல் போயின. அந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதே கரண்டு பெங்களூருக்குப் போகிறது என்று தெரிந்துதான் நானும் இங்கே வந்தேன். ரயில் இருந்தது. பட்டாளம் இருந்தது; அதற்குச் சோடா மெஷினும் ரொட்டி மெஷினும் தண்ணீர் வண்டியும் வேண்டியிருந்தன. நகரத்துப் பக்கம் மில்கள் இருந்தன. தோட்டக்காரர்களுக்குப் பம்பு வேண்டியிருந்தது. நல்ல காற்று, வேர்க்காத வெயில், நாள் முழுக்க நின்று வேலை செய்தாலும் மனிதன் களைக்க மாட்டான். நீ ஏரியையும் ரயிலையும் பக்கத்து ஊர் எஃகு ஆலையையும் எழுதினாய். நான் எழுதவில்லை, அவ்வளவுதான். கம்பெனி எங்கே போகும் என்று கண்டுபிடிக்க எனக்குக் காலேஜ் தேவைப்படவில்லை. மெஷின் விற்பவர்கள் அனுப்பும் விலைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படித்தவன் நான். ஆனால் அந்த விறகு வண்டிக்காரர்களை நான் மறக்கவில்லை. உன் கட்டுரையில் அப்படி ஒருவனும் இல்லை. மின்சாரம் வருகிறது, கம்பெனி வருகிறது, ஆள் வருகிறான். எல்லாரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். போகிறவன் ஒருவனைக்கூடக் காணோம்.

பட்டறையை நான் எல்லைக் கோட்டின்மேல் போட்ட கதையைச் சொல்லி நீயும் உன் சிநேகிதர்களும் சிரிப்பீர்கள். இன்னொரு முறை சிரித்துக்கொள். அந்தக் காலத்தில் இந்த ஊர் இரண்டு ஊர். இந்தப் பக்கம் வெள்ளைக்காரர் நிர்வாகத்தில் கன்டோன்மென்ட், அந்தப் பக்கம் மகாராஜாவின் நகரம். இரண்டுக்கும் தனித்தனி முனிசிபாலிட்டி, தனித்தனிச் சுங்கம். இரண்டு பக்கத்து வேலையும் கிடைக்கும் என்று நினைத்து, அந்த எல்லைக் கோட்டை ஒட்டி இடம் பிடித்தேன். நான் ஒருவன் மட்டுமா? புத்தியுள்ளவன் என்று பெயரெடுத்த எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இரும்பை உருக்கி வார்ப்பவர் அந்தப் பக்கம், ஸ்ரீராம்புரத்தில். கடைந்து எடுப்பது இந்தப் பக்கம், நம் லேத்தில். ஒரு தடவை, நகரத்துச் சத்திரம் ஒன்றின் கிணற்றுக்குப் பம்பு செய்தோம். வார்த்த பம்பு இந்தப் பக்கம் வந்தது; சுங்கம் கட்டினேன். கடையும்போது உள்ளே காற்றுக்குழி தெரிந்தது. அடைக்கத் திருப்பி அனுப்பினேன், அந்தப் பக்கத்துச் சுங்கச் சாவடியில் கட்டினேன். சரிசெய்து வந்தது, கட்டினேன். கடைந்து முடித்துச் சத்திரத்துக்குக் கொண்டுபோனபோது, சாவடிக் குமாஸ்தா சென்னப்பா எழுந்து நின்று, தன் கன்னடம் கலந்த தமிழில் வரவேற்றான்.

"ஏனு மேஸ்திரி, மத்தே அதே பம்பா? வாங்க வாங்க. இதுக்கு நம்ம ரெண்டு பேரைவிட ரோடு நல்லாத் தெரிஞ்சு போச்சு."

"இனிமே ஒரு காலணா தரமாட்டேன். இது உங்க ஊர்ல பொறந்த பம்பு. பொறந்த வீட்டுக்குப் போவுது."

"பொறந்த வீட்டுக்குப் போற பொண்ணுக்கே சீர் கேக்கறாங்க. பம்புக்கு கேக்க மாட்டாங்களா?"

"அப்ப இங்கயே வெச்சுக்கோ."

"வெச்சுட்டுப் போங்க. நான் இதைத் தின்னப் போறதில்லை."

வைத்துவிட்டு வந்தேன். மழை பெய்தது. கண்ணாடி போலக் கடைந்த முகமெல்லாம் துரு ஏறியது. சத்திரத்துக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். உன் அம்மா, "பணத்தைக் கட்டிட்டுத்தான் வாங்களேன்" என்றாள். நான் கட்டவில்லை, கடைசியில் சத்திரத்துக்காரரே கட்டி எடுத்துப்போனார். அடுத்த முறை பார்த்தபோது சென்னப்பா நல்லவன் போலச் சொன்னான்: "மேஸ்திரி, கோட்டு மேல கடை போட்டீங்க. கோட்டு மேல நிக்கறவனை ரெண்டு பக்கமும் தள்ளத்தான் செய்வாங்க." அது என் தவறு என்று நீ சொல்வாய். நான் சொல்ல மாட்டேன். மண்ணில் இல்லாத கோட்டைக் காகிதத்தில் போட்டவன் தவறு அது. இப்போது அந்தக் கோடும் போய்விட்டது. இரண்டு ஊரும் ஒன்றாகிவிட்டன. ஆனால் பட்டறைக்காரன் எதைப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பம்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அருவி எங்கே, ரயில் எங்கே என்பதற்கு முன்னால், கோடு எங்கே என்று பார்க்க வேண்டும். நீ எட்டுத் திக்கும் அளந்திருக்கிறாய், கோட்டை மட்டும் அளக்கவில்லை. அங்கே சரக்கைத் தடுக்க மாட்டார்கள். மோட்டாரையும் எஃகையும் கைகொடுத்து வரவேற்பார்கள். அங்கே கோடு மனிதன்மேல் போட்டிருக்கிறது.

கம்பெனிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே பெரிய பலம் என்று எழுதியிருந்தாய். ஒருவனுக்குப் பேரிங் உடைந்தால் அடுத்த தெருவில் கிடைக்கும். ஒரு கம்பெனியில் வேலை போனவன் எதிர்க் கம்பெனிக்கு நடந்து போய்விடலாம். வாசகசாலையில் இந்த இடத்தில்தான் அதிகமாகக் கை தட்டினார்கள். நம் பட்டறையில் ஒரே மோட்டார். அது உத்தரத்தில் ஓடும் நீளமான தண்டைச் சுற்றும். தண்டிலிருந்து ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். ஒரு பெல்ட் அறுந்தால் ஒரு லேத் நிற்கும். தண்டு சிக்கினால் எல்லாம் நிற்கும். எதிர் லேத்துக்கு நடந்து போய் என்ன செய்வாய்? சிவசமுத்திரத்துக் கம்பியில் இடி விழுந்த நாட்களில் நான் தெருவில் நின்று கேட்டிருக்கிறேன். சூளையிலிருந்து அல்சூர் வரை அத்தனை பட்டறையும் ஒரே மூச்சில் அடங்கும். இரைச்சலுக்குப் பழகின காதுக்கு அந்த அமைதி, சாவு வீட்டு வாசலில் பேச்சு நிற்பது போல இருக்கும். அதற்காகத்தான் பின்கட்டில் எண்ணெய் எஞ்சின் ஒன்றை வைத்திருக்கிறேன். "நைனா, இதை மியூசியத்துக்குக் கொடுத்துடலாம்" என்று நீ கேலி செய்வாய். சனிக்கிழமைதோறும் அதை ஓட்டிப் பார்த்துத் துடைத்து வைக்கிறேன். பத்து மைல் சுற்றளவில் இருப்பவன் எல்லாம் ஒரே தண்டில் தொங்குகிற ஊரில், நீ எந்தப் பெல்ட்டில் தொங்குகிறாய் என்று எனக்கு எழுது.

வேகமாக வளர்கிற ஊர் என்று எழுதியிருந்தாய். வேகமாக வளர்ந்த ஊரை நாம் இரண்டு பேருமே பார்த்தோம். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் இந்த ஊருக்குள் எத்தனை பேர் வந்தார்கள்! சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வந்து இறங்கினார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் படுத்தான். பாய் ஆறுவதற்கு நேரமில்லை. நமக்குப் பட்டாளத்துத் தண்ணீர் வண்டிகளுக்குக் குழாய் செய்யும் ஆர்டர் வந்தது. இரண்டு லேத் புதிதாக வாங்கினேன், ஆட்களை எடுத்தேன். சண்டை நின்றது. ஒரு தந்தி வந்தது, ஆர்டர் ரத்து. அன்றைக்கு நீ பட்டறையில் என் பக்கத்தில்தான் நின்றாய். மரியான் என்ற கடைசல்காரன், குடியாத்தத்துப் பையன், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"மேஸ்திரி, தந்தி யாருக்கு வந்துச்சு?"

"எனக்குத்தாம்பா."

"உங்களுக்குத் தந்தி வந்தா நாங்க எதுக்கு வீட்டுக்குப் போவணும்?"

யாரை முதலில் அனுப்பினோம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் வந்தவனை, வெளியூர்க்காரனை, திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறவனை. "அவனுக்கென்னப்பா, ஊர் இருக்குது" என்று சொல்லி அனுப்பினோம். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் செய்தார்கள். அது கொடுமை என்று நினைத்தல்ல, நியாயம் என்று நினைத்தே செய்தார்கள். உன் டொரான்டோக்காரர்களும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். ஒரு தந்தி வந்தால், உன்னைப் பார்த்து, "அவனுக்கென்ன, ஊர் இருக்கிறது" என்று நல்ல மனத்தோடே சொல்வார்கள். அன்று நான் லேத்துகளை விற்கப் போனபோது, "விக்காதீங்க நைனா, இந்த ஊர் நிக்கும்" என்று நீ தடுத்தாய். நீ சொன்னபடியே வேலை திரும்பி வந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மரியான் திரும்பி வரவில்லை. ஊர் நிற்கும் என்று நீ சொன்னது சரி. ஊரில் யார் நிற்பார்கள் என்று நீ சொல்லவில்லை.

உன் வேலையைப் பற்றி லூர்து எனக்குப் படித்துக் காட்டினாள். அந்த வட்டாரத்துக் கரண்டின் துடிப்பையே, நொடிக்கு அது எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கையே, மாற்றப் போகிறார்களாம். பழைய துடிப்புக்குச் செய்த மோட்டார் புதியதில் ஒழுங்காக ஓடாது. வீட்டுக்குள் துணி துவைக்கிற மெஷின் முதல் ஆலை மோட்டார் வரை ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். அதற்காகவே புதுப்புதுக் கம்பெனிகள் வருகின்றன. வருடக்கணக்கில் வேலை இருக்கிறது. நல்ல வேலைதான். மோட்டார் தெரிந்தவனுக்கு அதைவிடப் பெரிய திருவிழா இல்லை. ஆனால் திருவிழாவுக்குக் கொடியிறக்கம் உண்டு. கடைசி மோட்டாரை மாற்றிவிட்ட மறுநாள் காலையில் அந்தக் கம்பெனிகள் என்ன செய்யும்? வேறு ஊரைத் தேடும். கம்பெனிக்குக் காலில்லை என்று நினைக்காதே. நம்மைவிட வேகமாக நடக்கும், பெட்டி படுக்கை இல்லாமல் நடக்கும். அந்த ஊரில் இருக்க உனக்குக் கொடுத்திருக்கும் அனுமதியை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை, லூர்துவுக்கு எழுதிய கடிதத்தில் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போய்விட்டாய். கட்டுரையில் அந்த வரியே இல்லை. வாடகைக்கு அறை கேட்டுப் போனபோது, இரண்டு வீட்டில் "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்றார்களாம். அடுத்த வீட்டில் கிடைத்ததாம். அதை வேடிக்கையாக எழுதியிருந்தாய். லூர்து சிரித்துக்கொண்டே படித்தாள். நான் அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னேன்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. இது என் நெஞ்சில் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது. முதல் உலகச் சண்டை தொடங்கவிருந்த சமயம். நம் தேசத்து மனிதர்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு கப்பலை அந்தக் கனடா தேசத்தார் தங்கள் கரையில் இறங்கவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். இரண்டு மாதம் அது கரைக்கு எதிரிலேயே நின்றது. பிறகு திருப்பி அனுப்பினார்கள். நான் அப்போதுதான் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கப் பழகியிருந்தேன். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். கரையிலிருக்கும் விளக்குகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், சமையல் வாசனைகூட வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது மேற்குக் கரை, இவர்கள் இறங்கப்போவது கிழக்குக் கரை என்று நீ பதில் எழுதுவாய். காலம் மாறிவிட்டது, நாம் இப்போது சுதந்திர தேசத்தார் என்றும் எழுதுவாய். கரை வேறாக இருக்கலாம், கதவு ஒன்றுதானே? படுத்தால் அந்தக் கப்பல்தான் கண்ணில் நிற்கிறது. முன்பெல்லாம் அதில் முகங்கள் தெரியாது. இப்போது தெரிகின்றன.

இவ்வளவையும் நான் லூர்துவிடம் சொன்னேன். அவள் ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு, உன் தடித்த கோட்டு ஒன்றைப் பிரித்துக் குழந்தைக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரம்மா அல்லவா, நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"குழந்தை அந்தக் குளிரைத் தாங்குமா?" என்றேன்.

"அங்கயும் குழந்தைங்க பொறக்குதுங்க மாமா."

"நாளைக்கே உங்களைப் போன்னு சொல்லிட்டா?"

"மூணு பேரும் சேர்ந்து வந்துடுவோம். இப்பவே சொல்லிட்டா உங்க பிள்ளை ஒருத்தரா வரணும். அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

"நான் பெரியவன் சொல்றேன்மா. கொஞ்ச நாள் போகட்டும். அவன் அங்க வேர் பிடிக்கட்டும்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "மாமா, நீங்க தங்கவயல்லேர்ந்து இங்க வந்து வேர் பிடிக்கறவரைக்கும் அத்தையை எத்தனை நாள் அங்க விட்டு வெச்சீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "நாளா? ரெண்டு மழைக்காலம்." கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். "அப்போ பெங்களூர்ல பிளேக்குன்னு தங்கவயல் முழுக்கப் பேச்சு. ரயில்ல வந்து இறங்கறவங்களை எல்லாம் நிறுத்திக் கேப்பேன், சூளைப் பக்கம் எப்படின்னு. ஒருத்தன் நல்லாருக்குதும்பான். இன்னொருத்தன் பிளேக்கு வந்த வீடு வீடா கூரை ஓட்டைப் பிரிச்சுட்டாங்கம்பான். யாரை நம்பறது? பிளேக்குக்கு நான் பயப்படலை. தெரியாமயே கெடந்தேனே, அதுதான் பயம். பக்கத்துல இருந்து பயப்படறது வேற. அதுல கையில வேலை இருக்கும், கஞ்சி வெக்கலாம், நெத்தியைத் தொட்டுப் பாக்கலாம். தூரத்துல இருந்து பயப்படறவளுக்கு என்ன வேலை இருக்குது?"

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அப்ப சொல்லியிருந்தா, லேத்தை நிறுத்திட்டு வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன்" என்றேன். அதுதான் உண்மை. உன் அம்மா சிரித்துவிட்டாள். லூர்து சிரிக்கவில்லை, ஊசியை எடுத்துக்கொண்டு மறுபடியும் தைக்கத் தொடங்கினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் போய்விடுவாள் என்று. நான் வந்தது சரி, உன் அம்மாவை அங்கே விட்டுவைத்ததும் சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பிளேக் பிடித்த ஊருக்குப் பெண்டாட்டியை அழைத்து வருகிறவன் மனிதனா? ஆனால் ரயிலடியில் நின்று வருகிறவனையும் போகிறவனையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. இப்போது அவளையும் பார்க்கிறேன். படுக்கையில் எனக்கு அந்தக் கப்பல் ஒன்று போதாதா?

ஆகவே கேட்டுக்கொள். நான் சம்மதிக்கவில்லை. சம்மதம் கேட்டு யாரும் நிற்கவுமில்லை. பம்பாய் வரை நான் கூடப் போகிறேன். மனம் மாறிவிட்டது என்று நினைக்காதே, வழியில் இருப்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கிருந்து இங்கிலாந்து வரை கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் துணை. அதற்கப்புறம் இவர்கள் இரண்டு பேரும் தனி. துறைமுகத்துக்கு வர லீவு கிடைப்பது கஷ்டம், டொரான்டோ ரயிலடிக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. உன் கம்பெனி உன்னைத் தள்ளினாலும் சரி, நீ துறைமுகத்துக்கே போக வேண்டும். கப்பல் வருவதற்கு முன்தினமே போய் நிற்க வேண்டும். காகிதம் பார்க்கிற அதிகாரியின் மேசைக்கு அந்தப் பக்கம் உன் முகம் தெரிய வேண்டும். உங்கள் இருவர் கல்யாணப் பதிவை மாதா கோயில் புத்தகத்திலிருந்து எழுதி வாங்கி, சாமியாரிடம் இங்கிலீஷில் முத்திரை போட்டுக் கொடுத்தனுப்புகிறேன். ஆனால் காகிதம் பேசாது, நீ பேச வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது. இந்த வீட்டில் குழந்தை பார்த்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். லூர்து உன்னை நைனா என்று சொல்லிக்கொடுத்தாலும், அது என்னைத்தான் நைனா என்கிறது. உன் படத்தைக் காட்டினால், நான் கூப்பிடுவதைக் கேட்டு, "சவரி" என்கிறது. வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஒரு நாள் எனக்குத் தோன்றியது: அந்த மேசைக்கு முன்னால், கோட்டுப் போட்ட அந்நியன் ஒருவன் குனிந்து, உன்னைக் காட்டி, இவர் யார் என்று குழந்தையைக் கேட்டால்? லூர்து அதைத் தமிழில் சொல்லிக் கேட்டால், குழந்தை பயந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதால்? இவன் தகப்பனே இல்லை என்று, அந்தக் கப்பலைப்போலத் திருப்பி அனுப்பிவிட்டால்? அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று லூர்து சொல்கிறாள். எனக்கு யார் உறுதி கொடுப்பார்கள்?

அன்றிலிருந்து காலையில் பட்டறைக்குப் போவதற்கு முன் குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன். உன் படத்தை எதிரில் சாய்த்து வைத்து, "நைனா அவரு. நான் தாத்தா" என்கிறேன். அது என் மீசையைப் பிடித்துக்கொண்டு, "நைனா" என்கிறது. "இல்லம்மா, நான் இல்ல. அவரு" என்கிறேன். தலையை ஆட்டி, இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இன்று காலையும் அப்படித்தான். கப்பல் புறப்பட இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கும் சொல்வேன். அது உன்னைக் காட்டிச் சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.